பாதி தூங்கும் எந்திரம்

செக் நாட்டு பிர்னோ நகரத்தில், பெத்ரோவ் குன்றின் மேல் இருக்கும் கோயிலில் பதினொரு மணிக்கே பன்னிரண்டு அடித்துவிடுவார்கள். எந்தக் காலத்திலோ ஊரை வளைத்து உட்கார்ந்திருந்த சுவீடன்காரனை ஏமாற்ற அடித்த மணி அது. சுவீடன்காரன் போய்ச் சேர்ந்தான், பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அதனால் பிர்னோக்காரர்களுக்கு மத்தியானப் பசி ஒரு மணி நேரம் முன்னதாகவே வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை மணி அடித்தபோது ராதிம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்து மேசை வொய்தா கோட்டை மாட்டிக்கொண்டு, இன்றைக்குப் பூண்டு சூப்பும் முட்டைக்கோஸ் குழம்பும், லேட்டானால் மாவுருண்டை தீர்ந்துவிடும் என்று எச்சரித்தான். ராதிம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாளிடமிருந்து நான்காவது கடிதம் வந்திருந்தது.

ராதிமின் பிழைப்பு ஒரு விசித்திரமான பிழைப்பு. இன்றைய கம்ப்யூட்டருக்குள் ஒரு மூளை இல்லை. கோர் என்ற பெயரில் முப்பது, அறுபது, நூறு என்று அடுக்கிவைத்திருக்கிறார்கள். எந்த வேலை எந்தக் கோருக்குப் போக வேண்டும், ஒருவன் மூச்சுமுட்ட உழைக்கும்போது பக்கத்தில் கைகட்டி நிற்கிறவன் எப்போது போய் ஒரு சுமையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் வினாடிக்கு ஆயிரம் தடவை தீர்மானிக்கும் ஒரு பகுதி, கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கும் அடிப்படை நிரலான கெர்னலுக்குள் உண்டு. அந்தப் பகுதியில்தான் ராதிம் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறான். கெர்னல் உலகத்துக்கே பொது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். எதைச் சேர்ப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று சொல்கிறவர் மட்டும் ஒருவர்தான். சுமை பங்கிடும் பகுதிக்கு அந்த ஒருவர் நார்வேயில் ஆடு வளர்த்துக்கொண்டிருக்கும் ஆர்ன்ஃபின். அவருக்கு வயதாகிவிட்டது, ஆடுகளும் பெருகிவிட்டன. வருகிற வெள்ளிக்கிழமை பொறுப்பை ராதிமிடம் ஒப்படைப்பதாக, கெர்னல்காரர்கள் எல்லோரும் கடிதம் போட்டுக்கொள்ளும் பொதுப் பட்டியலில் அறிவிக்கப்போகிறேன் என்று ரகசியமாக எழுதியிருந்தார். சம்பளம் உயராது, அறை மாறாது. ஆனால் இந்தத் தொழிலில் அந்த நாற்காலிக்கு மேலே நாற்காலி கிடையாது. ராதிம் அதற்காகத்தான் பதினோரு வருஷம் காத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பொஷெனா ஹராபிஷோவா என்ற அம்மாள் உலகமே படிக்கும் அதே பட்டியலில் எழுத ஆரம்பித்தார். நோவி யிச்சின் பக்கத்தில் ஒரு பால் கூட்டுறவு. அறுபத்து நாலு வட்டாரம், தினமும் பண்ணைகள் மத்தியானம் பாலின் அளவைச் சொல்லும், எந்த வண்டி எந்த வழியில் போவது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். பழைய எந்திரம் நாலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு மடங்கு பெரிதாகப் புதுசு வாங்கினார்கள். அது ஐந்து மணிக்குக் கொடுக்கிறது. ‘என் எந்திரத்தில் பாதி தூங்குகிறது’ என்று அம்மாள் எழுதினார். சுமை சமமாகத்தான் இருக்கிறது என்று ராதிம் பதில் போட்டான். தூங்குகிறது என்று மறுபடி எழுதினார். அளவெடுக்கும் முறையைச் சரிபார்க்கவும் என்றான். மூன்றாவது கடிதத்துக்கு அவன் கொஞ்சம் உப்பு சேர்த்தே பதில் போட்டுவிட்டான்: உங்கள் அளவு தவறு, தயவுசெய்து முதலில் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். அதை நாற்பது பேர் ரசித்தார்கள்.

நான்காவது கடிதம் ஒரே வரி. செவ்வாய்க்கிழமை ரயிலில் வருகிறேன் என்று இருந்தது.

வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் ராதிமுக்குச் சப்பென்று போயிற்று. குடை, கைப்பை, பையில் சுருட்டிய காகிதம், ஐம்பத்தெட்டு வயதிருக்கும். கம்ப்யூட்டர்க்காரர் இல்லை. முப்பது வருஷமாகப் பால் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தவர். கம்ப்யூட்டர் பார்த்த பையன் பிராகுக்கு ஓடிவிட்டதால் அதையும் இவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

“இஞ்சினியர் சார், மூணு கடுதாசி போட்டேன். மூணு தடவையும் அளவு தப்புன்னுட்டீங்க. அதான் அளவையே கையோட கொண்டாந்துட்டேன்” என்றார்.

செக் நாட்டுக்காரர்கள் ஒருவரைப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடுவதில் இரண்டு வகை உண்டு, மரியாதைக்கு ஒன்று, மானத்தை வாங்க ஒன்று. இது எந்த வகை என்று ராதிமுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

கூட்ட அறை மேசையில் காகிதத்தை விரித்தார். பள்ளிக்கூடக் கோட்டுத்தாள்களை ஒட்டி, அறுபத்து நாலு கட்டம் போட்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் திரையைப் பார்த்து, உழைக்கிற கோரின் கட்டத்தை மட்டும் பென்சிலால் நிரப்பியிருந்தார். எந்திரத்துக்குள் இரண்டு சில்லு, சில்லுக்கு முப்பத்திரண்டு கோர். வலது பக்கம் முப்பத்திரண்டும் கறுப்பு. இடது பக்கம் ஒரே ஒரு கட்டம் கன்னங்கரேல் என்று இருந்தது. மற்ற முப்பத்தொன்றும் வெள்ளை.

ராதிம் பொறுமையாக விளக்கினான். கெர்னல் ஒவ்வொரு கோராகப் போய் எட்டிப்பார்க்காது, அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு சில்லின் மொத்தச் சுமையைக் கூட்டி, முப்பத்திரண்டால் வகுத்து, இந்தச் சில்லின் சராசரியையும் அந்தச் சில்லின் சராசரியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். சும்மா இருக்கிற கோர் பக்கத்துச் சில்லைப் பார்க்கும். அங்கே சராசரி தன் பக்கத்தைவிட அதிகமாக இருந்தால்தான் போய்ப் பிடுங்கிக்கொண்டு வரும். இங்கே இரண்டு பக்கமும் சராசரி ஒன்றுதான். ஆகவே சமம். இந்த முறையைக் கொண்டுவந்தவனே அவன்தான். நாலு வருஷத்துக்கு முன்பு அது கெர்னலை நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக்கியது. ஆர்ன்ஃபின் பாராட்டி எழுதினார். பாராட்டை மட்டும் அம்மாளிடம் சொல்லாமல் விட்டான்.

“சராசரியா?” என்று கேட்டார் பொஷெனா. சந்தையில் அழுகின வெள்ளரிக்காயைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது குரல்.

“ஆமாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.”

“எங்கிட்ட ஹினெக்னு ஒரு டிரைவர் இருக்கான். ஒருநாள் அவன் வண்டியில பன்னெண்டாயிரம் லிட்டர் ஏத்தி, கூடவே மூணு வண்டியைக் காலியா அனுப்பிட்டு, வண்டிக்குச் சராசரி மூவாயிரம்னு எழுதி வெச்சேன்னு வைங்க. ஹினெக் என்ன பண்ணுவான் தெரியுமா, இஞ்சினியர் சார்?”

“என்ன பண்ணுவார்?”

“சாவியை என் மேசையில வெச்சுட்டு, அந்தச் சராசரியையே வண்டி ஓட்டச் சொல்லுன்னுட்டுப் போயிடுவான்.”

ராதிம் இடது பக்கத்தின் அந்த ஒற்றைக் கறுப்புக் கட்டத்தில் விரலை வைத்து, இது என்ன வேலை என்று கேட்டான். பனி, பாலம், சாலை மராமத்து எல்லாவற்றையும் சேர்த்து ஊருக்கு ஊர் தூரம் போடும் வேலை, மற்ற அறுபத்து நாலு வட்டார வேலைகளும் அதைக் கேட்டுத்தான் நகரும் என்றார். சரி, அதற்கு ஏதாவது விசேஷ முத்திரை உண்டா? உண்டு. மேனேஜர் அதற்கு ‘மிக முக்கியம்’ என்று குத்திவைத்திருக்கிறார். முத்திரையை எடுத்துப் பார்த்தீர்களா? பார்த்தாகிவிட்டது, பெரிய வேலை சின்ன வேலைகளுக்கு நடுவே மாட்டி நசுங்கி, ஐந்து மணி ஆறு மணி ஆனதுதான் மிச்சம்.

கெர்னலில் முக்கியம் என்பதும் எடை என்பதும் ஒன்றுதான். மேனேஜர் குத்திய முத்திரையில் அந்த ஒற்றை வேலை எழுபது ஆள் எடை ஏறி நின்றது. ஒரு குண்டன், முப்பத்தொரு காலி நாற்காலி. வலது பக்கம் அறுபத்து நாலு ஒல்லிகள், நாற்காலிக்கு இரண்டு பேராக மடியில் மடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மொத்த எடையை நாற்காலியால் வகுத்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. காலி நாற்காலிகள் எட்டிப்பார்க்கின்றன, அந்தப் பக்கம் நம்மைவிட பாரமில்லை என்று திரும்பப் படுத்துக்கொள்கின்றன.

இது ஏன் தன் சோதனையில் நாலு வருஷமாகச் சிக்கவில்லை என்பதும் அவனுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அவன் எப்போதும் ஒரே மாதிரியான இருநூறு வேலைகளை ஓடவிட்டுத்தான் பார்ப்பான். வரைபடம் அழகாக வரும். அவன் அம்மா முப்பது வருஷம் கீரைச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்றவர். கிழங்கெல்லாம் ஒரே அளவில் விளைந்தால் எண்ணிப் போட்டே எடை சொல்லிவிடலாம், தராசு எதற்கு? பெரிசும் சின்னதும் கலந்து வரும்போதுதான் தராசுக்கு வேலை. சந்தைக்காரி மகன் அதை மறந்துபோனதற்குப் படிப்புத்தான் காரணமாக இருக்க வேண்டும்.

மாவுருண்டை தீர்ந்துவிட்டது. பொஷெனாவை மூன்றரை மணி ரயிலுக்கு டிராமில் ஏற்றிவிட்டு வந்து, ராதிம் ஒரு குண்டு வேலையையும் அறுபத்து நாலு ஒல்லி வேலைகளையும் தன் எந்திரத்தில் ஓடவிட்டான். பத்து நிமிஷத்தில் எந்திரத்தில் பாதி தூங்கிவிட்டது. மருந்தும் எளிது. சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் மிகக் குறைந்த சுமை எது என்று பார். அங்கே மிகக் குறைந்தவனே சுமந்துகொண்டிருக்க இங்கே ஒருவன் சும்மா இருந்தால், போய் எடு. ஆறு வரி. எழுதி ஓட்டினான், அறுபத்து நாலு கட்டமும் கறுத்தன.

அதுவரை பிழை கெர்னலுடையதாக இருந்தது. அதற்கு மேல் அவனுடையதாகிவிட்டது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிழையைச் சரிசெய்து அனுப்புகிற திருத்தத்தின் அடியில், இது இன்னார் இன்ன நாளில் சேர்த்த இன்ன திருத்தத்தின் பிழையைச் சரிசெய்கிறது என்று எண்ணோடும் தலைப்போடும் ஒரு வரி எழுத வேண்டும். பிழை வரி. ஊரான் பிழைக்கு அதை எழுதுவது சுகமான காரியம்; ராதிமே வருஷத்துக்கு இருபது எழுதுகிறவன். தன் பெயரில் எழுத வேண்டிவந்தால்தான் அது எவ்வளவு நீளமான வரி என்று தெரியும். அதுவும் நாற்பது பேர் ரசித்த அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில், வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.

வொய்தா விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

“டேய், ஆறே வரி. ‘சின்ன மெருகு’ன்னு தலைப்புப் போட்டு அனுப்பு. பெரியவர் ஆட்டுக்குப் புல்லு போட்டுட்டு வந்து பார்ப்பார், நல்லாத்தானே இருக்குன்னு சேர்த்துடுவார். உன் கல்லறைக் கல்லை நீயே செதுக்கணும்னு என்ன வேண்டுதலா?”

அது பொய்யும் இல்லை என்று ராதிம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். மெருகுதானே? புதன்கிழமை காலை அப்படியே எழுதியும்விட்டான். அனுப்பும் முன் ஒரு மரியாதைக்காகப் பொஷெனாவுக்குப் போன் செய்து, நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது, மருந்து தயார் என்றான். அவர் சந்தோஷப்படவில்லை. எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். நீங்களே கையால் எந்திரத்தில் ஏற்றிக்கொள்ள முடியாதா என்று அவன் கேட்டதற்கு, எந்திரம் விற்ற கம்பெனி அனுப்புகிற கெர்னலைத் தவிர வேறு எதையாவது தொட்டால் பழுதுபார்க்க வரமாட்டார்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்றார்.

போனை வைத்த பிறகுதான் ராதிம் அந்தக் கம்பெனி எந்தப் பதிப்பைத் தருகிறது என்று பார்த்தான். இரண்டு வருஷத்துப் பழசு. பழைய பதிப்புகளுக்கு மெருகெல்லாம் போகாது. பிழைத் திருத்தம் மட்டும்தான் போகும். எது பிழைத் திருத்தம் என்பதை மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பதில்லை, ஒரு நிரல் பார்க்கிறது. அது ஒன்றே ஒன்றைத்தான் தேடும், பிழை வரியை. அந்த வரி இருந்தால் எந்தப் பழைய பதிப்பில் அந்தப் பிழை இருக்கிறதோ அதிலெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும். இல்லையென்றால் திரும்பிக்கூடப் பார்க்காது.

புதன் முழுவதும் ராதிம் நடுவழி தேடினான். பழைய பதிப்புகளைக் கவனிப்பவருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டுச் சேர்க்கச் சொல்லலாம். அவர் முதல் கேள்வியே எந்தப் பிழை என்பதாகத்தான் இருக்கும். பிழை வரியில் எண்ணை மட்டும் போட்டுத் தலைப்பை விட்டுவிடலாம்; அரைகுறை வரியை நிரல் தள்ளிவிடும், நிரலுக்கு முகதாட்சண்யம் கிடையாது. வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்த பிறகு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வாரம் நிதானமாக அனுப்பலாம். இது மற்றதைவிட நன்றாக இருந்தது. ஒரு வாரம்தானே?

வியாழக்கிழமை காலை பொஷெனாவே கூப்பிட்டார்.

“இஞ்சினியர் சார், மேனேஜர் கேக்கறார், எப்ப வரும்னு என்ன சொல்லட்டும்?”

“அடுத்த வாரம் அனுப்பறேன். உங்க கைக்கு வர இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆகும்.”

“ஏன், இன்னும் எழுதி முடிக்கலையா?”

“முடிச்சாச்சு.”

“முடிஞ்சதை ஒரு வாரம் எதுக்கு அடை காக்கறீங்க? நேத்து ஹினெக் மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது ஆறரை. பண்ணைக்காரர் பாலை மட்டும் இல்ல, எங்களையும் சேர்த்துக் கொட்டறேன்னு நிக்கறார். உங்க ஊர்ல மணிதான் முன்னால அடிக்கும்னு சொன்னாங்க.”

ராதிம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு போனை வைத்தான். சற்று நேரத்தில் கோயில் மணி பன்னிரண்டு அடித்தது, கடிகாரத்தில் பதினொன்று. ராதிம் பழைய கோப்பைத் திறந்து ‘சின்ன மெருகு’ என்ற தலைப்பை அழித்தான். சுமைச் சராசரி சமமாக இருக்கையில் கோர்கள் சும்மா இருந்துவிடும் பிழை என்று எழுதினான். கீழே, கண்டுபிடித்துச் சொன்னவர் பொஷெனா ஹராபிஷோவா. அதற்குக் கீழே தன் பழைய திருத்தத்தின் எண்ணும் தலைப்பும். அவர் அளவு சரி, நான் தவறாகப் பதில் எழுதினேன் என்று ஒரு வாக்கியம் சேர்த்தான், அதை அழித்தான், மறுபடி சேர்த்தான். அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனான். சூப்பு ஆறியிருந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பட்டியலில் அறிவிப்பு எதுவும் இல்லை. மதியத்துக்கு மேல் ஆர்ன்ஃபினிடமிருந்து வந்தது நாலே வாக்கியம்: ‘சேர்த்துக்கொண்டேன். பழைய திருத்தத்துக்குச் சரி சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான் என்று இப்போதுதான் பார்த்தேன். நாற்காலிப் பேச்சை இலையுதிர் காலத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்வோம். அதற்குள் சின்னதும் பெரிசுமான வேலைகளைக் கலந்து ஒரு சோதனைத் தொகுப்பு எழுதி அனுப்பு.’

ராதிம் அதை இரண்டு தடவை படித்தான். இலையுதிர் காலம் வர இன்னும் ஆறு மாதம். வொய்தா எட்டிப் படித்துவிட்டு, “நான் சொன்னேன்ல” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, தன் பங்கு சாக்லேட்டை உடைத்து அவன் மேசையில் வைத்தான்.

திங்கட்கிழமைக்குள் பதினோரு இடங்களிலிருந்து, எங்கள் எந்திரத்திலும் பாதி தூங்கிக்கொண்டிருந்தது, அளவெடுப்பதில்தான் எங்களுக்குக் கோளாறு என்று நினைத்திருந்தோம் என்று கடிதம் வந்தது. நாற்பது ரசிகர்களில் ஒருவர்கூட எழுதவில்லை. மூன்றாவது வாரம் நிரல் தன் வேலையைச் செய்து, பழைய பதிப்புகளெல்லாம் மருந்து குடித்தன. பால் கூட்டுறவில் கணக்கு இரண்டே முக்காலுக்கு முடிகிறது என்று பொஷெனா பட்டியலில் எழுதினார். எந்திரம் முழுசாக விழித்துக்கொண்டதால் காற்றாடி போடுகிற சத்தம் தாங்கவில்லை, மேனேஜர் அறையை மாற்றச் சொல்கிறார் என்றும் சேர்த்திருந்தார்.

அதற்கு அடுத்த நாள் ஒரு பொட்டலம் வந்தது. அவர் ஊர்ப்பக்கத்து ஷ்ட்ரம்பெர்க் காதுகள்: தேனும் கிராம்பும் போட்டுச் சுட்டு, சூட்டோடு காது மாதிரி சுருட்டும் பண்டம். ஊரே தின்பதுதான், ஆனால் யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். உள்ளே கோட்டுத்தாள் துண்டு ஒன்றில் பென்சில் எழுத்து: ‘இஞ்சினியர் சாருக்கு. அடுத்த தடவை கடுதாசி வந்தால் உபயோகப்படும். கையெழுத்துப் போட்ட நார்வேக்காரருக்கும் ரெண்டு அனுப்பவும்.’ பழைய திருத்தத்தின் அடியில் இருந்த கையெழுத்தையும் அம்மாள் பட்டியலில் தேடிப் படித்திருக்கிறார்.

வொய்தா சிரித்து முடித்து ஒன்றை எடுத்துக் கடித்தான். ராதிம் ஒன்றைத் தின்றான். கொஞ்சம் அழுத்தம், ஆனால் நன்றாகவே இருந்தது. மீதியில் நல்லதாக இரண்டைப் பொறுக்கி எடுத்துப் பெட்டியில் வைத்து, மத்தியானம் தபாலாபீசுக்குப் போனான். நார்வேக்கு என்றால் சுங்கத் தாள் நிரப்ப வேண்டும். உள்ளே இருக்கும் பொருள் என்ற இடத்தில், யோசிக்காமல், காது என்று எழுதிக் கொடுத்தான்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் தாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“எத்தனை?” என்றாள்.

“ரெண்டு.”

“சொந்த உபயோகத்துக்கா, பரிசா?”

ராதிம் கொஞ்சம் யோசித்தான். “பரிசுன்னே போடுங்க” என்றான்.